பதினைந்தாவது அத்தியாயம் அச்சில் மட்டும்

மாப்ள,

இன்று காலை கட்டிலுக்கு அடியில் கிடக்கும் புத்தகக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்தேன். கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான். சணலை அறுத்ததும் பசையும் மையும் கலந்த வாசம் எழுந்தது. சிவகாசியிலிருந்து வேனில் வந்து இறங்கிய அன்று எப்படி அடித்ததோ அப்படியே அடித்தது. கறையான் இல்லை. கறையானுக்குக்கூடப் பிடிக்காத புத்தகம் என்று சொல்லி நீ சிரித்திருப்பாய்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போனவனுக்குக் கடிதம் எழுதுவதில் அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்ல வேண்டியதை எழுதிக் கெடுத்தவன் நான். இதையும் எழுதிவிட்டுப் போகிறேன்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்துகொண்டே, கடையில் பொட்டலம் மடித்து வந்த காகிதத்தையெல்லாம் வாசித்து எழுத்துப் பழகினேன். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி நெய்வதிலிருந்து வெளுத்து, காயவைத்து, சுற்றி, பெட்டியில் அடைப்பது வரைக்கும், அதில் தேய்ந்த கைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது என் வீம்பு. பதிப்பகத்துக்காரர்கள் முடியாது என்றுகூடப் பதில் போடவில்லை. நானே அச்சடித்துக்கொள்கிறேன் என்றேன். நீதான் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னாய்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த உன் ஜெராக்ஸ் கடைக்கு வருவேன். முதல் நாளே என் நோட்டைத் தள்ளிவைத்தாய். "கோழி கிண்டுன மாதிரி இருக்கு மாப்ள. நீ வாசி, நான் அடிக்கேன்." எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வாசித்தேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டே அடித்தாய். திரையில் எழுத்துகள் அவ்வளவு பெரிதாக இருந்தன, ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, பெரிதாக இருந்தால்தான் பிழை தெரியும் என்றாய். நம்பினேன்.

பதினான்கு அத்தியாயம் அப்படி முடிந்தது. பதினைந்தாவதை உன்னிடம் கொண்டுவரவில்லை. வீட்டில் எழுதி, நேராக சிவகாசி அச்சகத்தில் கொடுத்தேன். உன் முன்னால் உட்கார்ந்து அதை வாசிக்க என்னால் முடியாது. அது உன்னைப் பற்றியது.

முப்பது வருடத்துக்கு முன்னால், நீயும் நானும் அதே கம்பெனியில் இருந்தபோது, ரோல் சுற்றும் மெஷினில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. வாஷர் மாற்ற வேண்டியவன் நான். மாற்றாமல், கிழிந்த துணியைச் சுற்றிக் கட்டி நான்கு நாள் ஓட்டினேன். ரோல்களின் உள்மடிப்பில் எண்ணெய் இறங்கியது. மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது. பேக்கிங்கில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவன் நீ. ஆஸ்பத்திரிக்குப் போன பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. முதலாளி எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "யாரு?" என்று கேட்டார். நீ மட்டும்தான் வாயைத் திறந்தாய். "நான் பாக்கும்போது சுத்தமா இருந்துச்சு மொதலாளி." அப்படியானால் நீ சரியாகப் பார்க்கவில்லை என்றார். சாயங்காலமே உன்னை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக நான் அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புது வாஷர் மாட்டினேன்.

அதன் பிறகுதான் நீ டைப் பழகி, கோர்ட் வாசலில் மனு அடிக்க உட்கார்ந்தாய். என்னோடு பழகுவதை நீ விடவில்லை. நானும் வந்துகொண்டுதான் இருந்தேன். உனக்குத் தெரியுமா தெரியாதா என்று அத்தனை வருடமும் உன் முகத்தைப் பார்ப்பேன். அதில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எழுதினேன். பதினோரு பக்கம். தப்பு என்னுடையது, தண்டனை உன்னுடையது என்று பெயர் போட்டு எழுதினேன்.

ஐந்நூறு பிரதி வந்தது. முதல் பிரதியை உன் கையில் கொடுத்தேன். கடைசிவரை வாசி என்றேன். நீ தடவிப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தாய்.

ஒரு மாதத்தில் ஏழு பிரதிகூடப் போகவில்லை. அப்போதுதான் நீ இலவச மின்னூல் என்று ஆரம்பித்தாய். போனில் சும்மா வாசிக்கட்டும், பிடித்தவன் அச்சுப் புத்தகம் கேட்டு வருவான் என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "சாம்பிள் ரோல் குடுக்காம எந்த ஆஸ்பத்திரியில மாப்ள ஆர்டர் வாங்கிருக்கோம்?" என்று கேட்டாய். சாம்பிள் ஒரு கெஜம்தான் கொடுப்போம், நீ முழுத் துணி பேலையே தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாய் என்றேன். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் நம் சண்டையில் தன் தாளை மறந்துவிட்டுப் போனார்.

கடைசியில் நான் இறங்கி வந்தேன். ஏன் இறங்கி வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. உன் கம்ப்யூட்டரில் இருந்தது பதினான்கு அத்தியாயம். "முடிவு இம்புட்டுதான?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். முழு பேலையும் கொடுக்காமல் தப்பித்தேன் என்று உள்ளுக்குள் சந்தோஷம். அந்தப் பதினோரு பக்கத்தை எழுத எனக்கு முப்பது வருடம் ஆயிற்று, அதைச் சும்மா எவனுக்கும் தர மாட்டேன். வேண்டியவன் வாங்கிப் படிக்கட்டும். உனக்குத்தான் கையில் கொடுத்திருக்கிறேனே.

ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். நீ எண்ணிக்கையை எனக்குக் காட்டிக் காட்டி மகிழ்ந்தாய். கடைசிப் பக்கத்தில் என் போன் நம்பரைப் போட்டிருந்தாய். கூப்பிட்டார்கள். செட்டியார்பட்டியிலிருந்து ஒருவன், அச்சுப் புத்தகமும் இலவசம்தானே, கொரியர் செலவை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். தேவதானத்திலிருந்து ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர், இரண்டு முறை வாசித்துவிட்டு நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியதாகச் சொன்னார். முடிவு ரொம்பப் பிரமாதம் என்றார். புத்தகம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "எதுக்குய்யா, அதான் போன்ல இருக்கே." எல்லாரும் முடிவைத்தான் பாராட்டினார்கள். முடிவே இல்லாத புத்தகத்தின் முடிவை.

நீ மட்டும் பதினைந்தாவது பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன், ஒரு மாதம் காத்திருந்தேன். ஒரு நாள் நானே, புத்தகம் வாசித்தாயா என்று கேட்டேன். வாசித்தேன் என்றாய். எப்படி என்றேன். நீ சொன்னாய்: "இதோட நிறுத்துனதுதான் மாப்ள அழகு. இதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதிருந்தாலும் கெட்டுப் போயிருக்கும்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் மன்னிப்பை வாசித்துவிட்டு, அதை எழுதியிருக்கவே கூடாது என்று இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீ சொல்லியிருந்தாய், குடிக்கவில்லை. அப்புறம் எட்டு மாதம் நான் வரவில்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. மன்னிக்க மனசில்லாதவனிடம் எனக்கென்ன பேச்சு என்று இருந்தேன். தப்புச் செய்தவன் நான், கோபித்துக்கொண்டவனும் நான்.

பிறகு ஒரு நாள் உன் நம்பரிலிருந்து வந்த அழைப்பை எடுத்தேன். பேசியது நீ இல்லை.

கபர்ஸ்தானில் உன்னை அடக்கம் செய்தபோது பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். நாற்பதாம் நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், என்னைப் பார்த்ததும் அழவில்லை, உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். எட்டு மாதம் ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. அவளாகப் பேச ஆரம்பித்தாள்.

"அவியளுக்கு ரெண்டு மூணு வருசமா அச்செழுத்து தெரியாதுண்ணே. சக்கர கண்ணுல எறங்கிருச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாவ. தெரிஞ்சா டைப் அடிக்க விட மாட்டீயளாம். போன்ல எழுத்தப் பெருசாக்கி, மூக்குக்கிட்ட வச்சுத்தான் வாசிப்பாவ. உங்க புத்தகத்த மூணு தடவ வாசிச்சாவண்ணே."

போனில். பதினான்கு அத்தியாயம்.

உள்ளே போய் நான் கொடுத்த பிரதியை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைக் கையில் புரட்டிக்கொண்டே, அச்சுப் புத்தகத்தில் கூடுதலாக ஏதோ இருப்பதாக மகள் சொன்னாள், யாரோ வாங்கினவர்கள் பேசினார்களாம் என்றாள். "கடைசியில என்னண்ணே இருக்கு?"

சொல்லியிருக்கலாம். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவள் கேட்டதும் சும்மா கேட்டதுதான், கோபமோ சந்தேகமோ இல்லை.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. மாப்ளைக்கு நன்றி சொல்லிருக்கேன்" என்றேன்.

"அதுக்கென்னண்ணே" என்றாள். "அவிய நன்றியெல்லாம் எதிர்பாக்குற ஆளா?"

நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வருடம் இந்த ஊரில் எவனும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க மாட்டான் என்று எல்லாரையும் திட்டினேன். இப்போது போன் அடித்தால் யாராவது வாங்கக் கேட்டுவிடுவானோ என்று எடுக்கவே பயமாக இருக்கிறது. மின்னூலில் சேர்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். சேர்த்தால் உன் மகள்தான் முதலில் வாசிப்பாள். சேர்க்கவில்லை.

கபரில் போய் வாசித்துக் காட்டலாமே என்று என் மனைவி சொன்னாள். மாட்டேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தாய், அத்தனை மத்தியானம். அப்போது வாசிக்காததை மண்ணுக்கு வாசித்து நல்லவனாக மாட்டேன்.

அன்று முதலாளி, "யாரு?" என்று கேட்டார். தங்கச்சி, கடைசியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இரண்டுக்கும் பதில் ஒரே சொல்தான், மாப்ள. அது இன்னும் என் வாய்க்குள்தான் கிடக்கிறது. நான்.