அனுவின் நாக்கில் வசம்பு

ஐப்பசி 9, ஞாயிறு

விடியலிலிருந்தே தூறல். தாளடி நடவு பாதியில். வாங்க: மோட்டார் ஃபியூஸ், அனுவுக்குச் செருப்பு.

திருக்கடையூரில் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் அத்தானின் தங்கை அனுவிடம், "பேர் என்ன தங்கம்?" அனு அவள் அம்மா பாஷையில், வியட்நாம் மொழியில், நீளமாக என்னவோ சொன்னாள்.

"நாலு வயசாச்சு, ஒரு வார்த்தை புரியலையே?"

"இன்னும் பேச்சு திருந்தலைங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு.

என் மனைவி லான் எதிர் வரிசையில். அவளுக்குத் தமிழ் புரியும். இலையை விட்டு நிமிரவில்லை. பிள்ளை பேசியது இன்னொரு மொழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சபையில் மறுபடி 'அந்த ஊர்ப் பொண்ணு' பேச்சு எழும் என்று பயம். என்ன மனுஷன் நான்.

ஐப்பசி 10, திங்கள்

மழை. காலையில் அக்கா வந்தாள், கையில் வசம்பு. "சுட்டு உரைச்சு நாக்குல தடவுனா பேச்சு தெளியும்டா. கைப்பிள்ளையில செய்யாம விட்டுட்டீங்க."

அனு வாய் திறக்கவில்லை. "கையப் பிடிடா." பிடித்தேன். இரண்டையும். ஒன்றையே திரும்பத் திரும்பக் கத்தினாள். லான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அக்காவுக்குக் கோபம். வரப்பு வெட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். அந்த மழையில் எந்த வரப்பு?

வியட்நாமிலிருந்து ஊருக்கு வந்து எட்டு மாதம். 'வீட்டில் தமிழ் மட்டும்' என்று லானிடம் சட்டம் போட்டது நான். அம்மாவும் மகளும் குளியலறையைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். சிரிப்புச் சத்தம். நான் கதவைத் தட்டுவேன்.

ஐப்பசி 13, வியாழன்

மூவரும் தஞ்சாவூர். பஸ்ஸில் நின்றபடியே. ஸ்பீச் தெரபிஸ்ட், சின்ன வயதுப் பெண். ஒரு படிவம்: பிள்ளை பேசுவது வீட்டாருக்கு, உறவினருக்கு, தெரியாதவருக்கு எவ்வளவு புரிகிறது? ஒன்று முதல் ஐந்து. நானே நிரப்பினேன். எல்லாம் ஒன்று, இரண்டு. லான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த மொழிக்குப் போட்டீங்க சார்?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

புதுப் படிவம் லான் கைக்குப் போனது. ஐந்து. ஐந்து. கடைசி வரை ஐந்து. ஒரே ஓர் ஒலி மட்டும் இன்னும் வழுக்குகிறது என்றாள் லான். "இந்த வயசுக்கு அது சகஜம்ங்க, வந்துடும். தமிழ் எட்டு மாசம்தானே, அதுவும் வரும். அம்மா பாஷைய மட்டும் நிறுத்தாதீங்க."

குரலை ஏற்றி இறக்கினால் அர்த்தமே மாறும் மொழி அது. அனு ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லையாம். நான் ஆறு வருடம் அங்கே இருந்தும் வேலைக்கு வேண்டிய சொற்கள், வீட்டில் நாலு சொற்கள், அவ்வளவுதான். லான் ஒரு நாளும் என்னைக் கேலி செய்ததில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில். நடவு ஆள் வந்தாயிற்று. ஃபியூஸ் மறந்துவிட்டேன்.

லான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அனு என்ன கத்தினாள் என்று கேட்டேன்.

"வேணாம்."

மறுபடி கேட்டேன்.

"அப்பா, நான் பேசுறேன். அப்பா, நான் பேசுறேன். அதான் சொன்னா."

அந்த மொழியில் அதைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்.