புல்லியைக் கழற்றியது யார், மச்சான்?

அன்புள்ள யூசுப் மச்சானுக்கு, உங்கள் மேல் சலாம் உண்டாகட்டும்.

கபர்ஸ்தானுக்குள் கால் வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்குச் சலாம் சொல்லித்தான் பழக்கம். கடிதத்திலும் அதை விட மனசு வரவில்லை. உங்களை அடக்கம் செய்து நாற்பது நாள் கழிந்துவிட்டது. இத்தனை நாளும் உங்களோடு பேசப் பிடிக்காமல்தான் இருந்தேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் உங்கள் பெரிய அண்ணன் எழுந்து நின்று, என் தம்பி யார் மனசையாவது நோகடித்திருந்தால் அல்லாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். எல்லா மவுத்திலும் கேட்பதுதான். பள்ளிவாசலில் நின்ற அத்தனை பேரும் மன்னித்துவிட்டோம் என்றார்கள். நான் சொல்லவில்லை. முதல் வரிசையில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சொல்லக் கூடாது என்று வரவில்லை மச்சான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வந்தேன். பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காட்டுமன்னார்கோயில் மில்லுக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் உங்களைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது.

“மச்சான்காரன் பண்ண தப்புக்கு இவரு பொறுப்பேத்து, எனக்கு இன்ஜினையே புதுசா கட்டிக் குடுத்தாரு. அப்படி ஒரு மனுஷன்.”

அந்த மச்சான்காரன் நான்தான். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார், பாவம், மரியாதை தெரிந்தவர்.

அவருடைய அந்த வேனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2006, நல்ல வெயில் காலம். இன்ஜின் முன்பக்கம் ஆயில் ஒழுகுகிறது என்று மில்லிலிருந்து, நாம் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திய மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சீல் மாற்ற வேண்டுமானால் கிராங்க் முனையில் இருக்கும் டேம்பர் புல்லி கழன்றாக வேண்டும். அது துருவேறிப் போய் அசையவே மாட்டேன் என்றது.

நான் அதன் நடுவில் இருந்த ரெண்டு ஓட்டையிலும் போல்ட்டைப் போட்டு, இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி, முறுக்கி இழுத்து நிறுத்தினேன். துருவில் டீசல் விட்டேன். உங்களிடம் என்ன சொன்னேன்? இப்படியே இழுவையில் இருக்கட்டும், மதியத்துக்கு மேல் தானாக விட்டுக்கொடுக்கும், யாரும் தட்ட வேண்டாம் என்றேன். அது நடுவில் ஒரு இரும்பு, வெளியே ஒரு கனமான வளையம், ரெண்டையும் பிடித்துக்கொண்டு இடையில் வெறும் ரப்பர். வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தாலோ அடித்தாலோ ரப்பர் பிய்ந்துவிடும். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் தெரியும்.

சீல் வாங்கக் கடலூர் போய்விட்டு வந்தேன். புல்லி கழன்று பெஞ்சு மேல் கிடந்தது. “லேசாத்தான் தட்டினேன் மச்சான், வந்துடுச்சு” என்றீர்கள். வேன்காரர் நின்று அவசரப்படுத்தினாராம். நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மாட்டினேன். என் தப்பு அது ஒன்றுதான். உங்கள் வார்த்தையை நம்பினேன்.

ஒரு மாசம் ஓடியது. நெல் மூட்டையோடு வந்துகொண்டிருந்த வேனில் வளையம் பிய்ந்து, ரேடியேட்டரைக் கிழித்து, இன்ஜின் சூட்டில் இறுகி நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு நம் கடைக்கே வந்தார்கள். நான் தொடாத மூன்று கால் புல்லரை மாட்டிய தடமும் சுத்தியல் அடியும் வெளி வளையத்தில் அப்படியே இருந்தன. மில்லுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், யாருய்யா இதைக் கழட்டினது என்று. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“காதர்தான் சார்.”

பள்ளிக்கூடத்தில் வாடா போடா என்று திரிந்தவர்கள் நாம். என் தங்கச்சி மும்தாஜை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த அன்றிலிருந்துதான் உங்களை நீங்க, வாங்க என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்த முறைக்காகத்தான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் வீட்டில் அவள்தானே கண்ணைக் கசக்குவாள்? அப்புறம் தனியாக என்னிடமாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமே, மச்சான். ஊரில் எனக்கு சுத்தியல் காதர் என்று பேர் வைத்தார்கள். இந்த வண்டியில அந்த ஆளு கை வைக்க வேணாம் என்று என் காதுபடவே சொன்னார்கள். கடையை உங்களிடம் விட்டுவிட்டுக் கடலூரில் இன்னொருவர் ஷெட்டில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். ஆறு வருஷம் ஆகிறது.

நாற்பதாம் ஃபாத்திஹாவுக்கு வீட்டுக்குப் போனேன். மும்தாஜ் இத்தாவில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல், உள்ளறையில் இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை உங்கள் அண்ணன் கவனித்து அவளிடம் சொல்லியிருக்கிறார். மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுங்கண்ணே, அவரு மறுமையில மாட்டிக்கிட்டு நிப்பாரு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது என்றேன்.

“தெரியும்ண்ணே. அந்த வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரு. உங்ககிட்டயும் மில்லுக்காரர்கிட்டயும் போய்ச் சொல்றேன்னுதான் நின்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். கடை பேரு போயிடும், புள்ளைங்க இருக்குன்னேன்.”

நான் யாருக்காக வாயை மூடிக்கொண்டு ஊரை விட்டுப் போனேனோ, அவளே உங்கள் வாயை மூடியிருக்கிறாள். ஆறு பெருநாளைக்கு அந்த வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன். ரெண்டு பேரும் தெரிந்துகொண்டேதானே பரிமாறினீர்கள்? அவள் வேண்டாம் என்றால் உங்களுக்கு நாக்கு இல்லையா? உங்களுக்காக மன்னிப்புக் கேட்டவள் தனக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்கு வலிக்கிறது.

கடைச் சாவியை என் முன்னால் வைத்து, நீங்க வந்து தொறங்கண்ணே என்றாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று இங்கே கடலூர் ஷெட்டுக்கு அதே மாதிரி ஒரு வேன் வந்தது. அதே இடத்தில் ஒழுகல், அதே மாதிரி இறுகிக் கிடந்த புல்லி. காலையில் புல்லரை மாட்டி, இழுவையில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஸ்பேனரை ஒரு கால் சுற்றுத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம். கையோடு வந்துவிட்டது, ஒரு கீறல் இல்லாமல். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரை நாள்டா யூசுப். அரை நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

வருகிற மாசம் கடையைத் திறப்பேன். மில்லுக்காரர் வந்து பழைய கதையை எடுத்தால், ஆமாம், நான்தான் கழற்றினேன் என்றே சொல்வேன். உங்கள் பிள்ளைகள் காதில் வேறு மாதிரி விழாது. அதற்கு நான் பொறுப்பு. ஆனால் மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை மட்டும் இப்போது கேட்காதீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து உங்கள் கபருக்கு வருவேன். அது வந்தால் சொல்வேன். வராத வாரம் சலாம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவேன். எத்தனை வருஷம் ஆனாலும் நான் அதைத் தட்டி எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான், உங்கள் பிள்ளைகளுக்கு என்றைக்கும் மாமா,
காதர்