போட்டுக் கழற்றிய தொப்பி

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஒரு தொப்பி பின்னுவதையெல்லாம் எழுதிவைக்க வேண்டுமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. டயரியே, பொறுத்துக்கொள், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இந்த மாதங்களில் கொக்கி ஊசியும் நூலும்தான் துணை. அப்புத்தளைப் பனியில் வெளியே ஒன்றும் தெரியாது. மடியில் மட்டும் மஞ்சள் வட்டம் சுற்றுக்குச் சுற்று விரியும். ஒரு கண்ணி கூடினால் விளிம்பு நெளியும், குறைந்தால் கிண்ணமாகக் குவியும். சரியாக வந்துவிட்டால் நாள் முழுக்கச் சந்தோஷம். விஜிதா அண்ணிக்கு மார்ச்சில் பிள்ளை பிறக்கும். இது அதன் தலைக்கு.

16 ஜனவரி

கடைசிச் சுற்றை முடித்து நூலை வெட்டும்போது அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தார்.

“யாருக்குடி இது?”

சொன்னேன்.

“பொறக்கறதுக்கு முன்னாலயே புதுசா? கம்பஸ்ல இதத்தான் படிச்சியா? மொதல்ல போடுறது இன்னொரு புள்ள போட்டுக் கழட்டுன பழசா இருக்கணும். இல்லாட்டி கண்ணு பட்டுரும்.”

அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. தொப்பியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லைதான்.

22 ஜனவரி

அண்ணிக்கு வலி. மார்ச்சுன்னுதானே சொன்னாங்க? அண்ணன் த்ரீவீலரில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். நான் பின்னுனதாலயா — நானா?

23 ஜனவரி

பெண் குழந்தை. ரொம்பச் சின்னது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டுனா நல்லாருக்கும்.

9 பெப்ரவரி

நாளை மறுநாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலையில் குளிர் படவே கூடாதாம். அம்மா பழைய சேலையைக் கிழித்து வைத்திருக்கிறார். அது தலையில் நிற்குமா?

“எத்தன நாள் போட்டா பழசாகும்மா?”

“ஒரு புள்ள போட்டுக் கழட்டுனா பழசுதான். எதுக்குக் கேக்குற?”

நம் லயத்து வரிசை வீடுகளில் கைக்குழந்தை இருப்பது கடைசிக் காம்பராவில், ஜெயலெட்சுமி அக்காவிடம் மட்டும். பைப்படியில் தண்ணீருக்கு வந்த சண்டைக்குப் பிறகு அவரும் அம்மாவும் முகம் பார்ப்பதில்லை. தொப்பியை மறைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனபோது அவரே பார்த்துவிட்டார்.

“என்னா பட்டதாரியம்மா, வழி தவறிட்டீங்களா?”

எப்படிச் சொல்லி முடித்தேனோ. சிரிக்காமல் கேட்டார். மகன் தலையில் தொப்பியை வைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

“இவன் மண்டைக்கு இது போத்தல் மூடி மாதிரில்ல இருக்கு!”

அவன் அதைப் பிடுங்கி எச்சில் ஒழுகச் சப்பினான்.

“ம், பழசாயிருச்சு. கொண்டு போ. யாரு போட்டதுன்னு ஒங்கம்மாகிட்ட மறைக்காத.”

11 பெப்ரவரி

வந்துவிட்டாள். சேலைத் துணி வழியெல்லாம் நழுவியதாம். அலசிக் காயவைத்த தொப்பியை நீட்டினேன். யார் போட்டுக் கழற்றியது என்றும் சொல்லிவிட்டேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவ மகனா?”

தொப்பியின் உள்பக்கத்தை விரலால் தடவினார்.

“அவன் கொழுகொழுன்னுதான் இருக்கான்.”

மாட்டிவிட்டார். நழுவவில்லை.

அண்ணன் தூக்கினான், அம்மா தூக்கினார், பக்கத்து வீட்டார்கூடத் தூக்கினார்கள். நான் கதவோரமே நின்றேன். என் கை பட்டு இன்னும் ஏதாவது ஆகிவிட்டால்?

“ரூபி, ஏன் அங்கயே நிக்கிற?” என்றார் அண்ணி. “எம் மொகத்தையும் பாக்க மாட்டேங்குற.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

“அண்ணி, பாப்பாவ எங்கிட்ட ஒருவாட்டி குடுக்குறீங்களா?”