பிட்டைத் தள்ளிவைத்த நாள்

நெடுங்கேணி
14.01.2024

சுமித்திராவின் அப்பாவுக்கு,

மகள் வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் அறிய முடியவில்லை. போனில் "ம்" என்கிறீர்கள், பிறகு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே வந்து ஐந்து மாதம். திரும்பி வரச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முந்திய ஒரு வருசமும் என்னோடு கதைத்தது குறைவு. நான் புறப்பட்ட அன்றைக்கு விடிய எழும்பிப் பிட்டும் இறைச்சிக் கறியும் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி, "இதை ஆர் தின்னுறது?" என்றீர்கள். முப்பத்தாறு வருசம் சமைத்துப் போட்டவளுக்கு அது போதும் என்றுதான் பஸ் ஏறினேன்.

என்னில் என்ன பிழை என்று எழுதுங்கள். கோபமாகவாவது எழுதுங்கள்.

இராசேஸ்வரி


அக்கராயன்
29.01.2024

அன்புள்ள ஈசு,

உம்மில் ஒரு பிழையும் இல்லை. எனக்குப் பல் இல்லை.

கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. மிச்சம் ஆடுகின்றன. அன்றைக்கு இறைச்சியை மெல்லவும் முடியவில்லை, உமக்கு முன்னால் துப்பவும் வெட்கம். அதற்கு முதலே வயல் செய்கிற எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தபோது சொல் குழறியது. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன், உம்மிடமும்தான். இப்போது பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுகிறேன். ஒரு சொல்லும் பேசாமல் பொழுது போகிற நாட்களும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. போன கிழமை வாய்க்காலைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, அப்படியே மறந்துபோனேன். பக்கத்து வயல் கிருபன் நெல்லுக்குப் போட்ட பசளையெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அவன் ஏசவில்லை. "அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான். ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

இந்தக் கடிதத்தில் பேத்தியை விசாரிக்க நினைத்தேன். பெயர் வரவில்லை. காலையிலிருந்து யோசிக்கிறேன். நீர் எழுதிவிடும்.

தில்லைநாதன்


நெடுங்கேணி
06.02.2024

அன்புள்ள உங்களுக்கு,

அவளுடைய பெயர் தேனுகா. எத்தனை தரம் கேட்டாலும் சொல்வேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மனிதரின் வாயை நான் ஒரு நாளாவது பார்த்தேனா?

அடுத்த நாளே கடிதத்தைக் கொண்டு பல் டொக்டரிடம் போனேன். இளம் பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினார். வடிவாக மெல்ல முடியாமல், ஆட்களோடு கதையும் குறைந்துபோன வயதானவர்களிடம் மறதி கூடுதலாகக் காணப்படுகிறதாம். பல் போனதால்தான் மறதி வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். மறதி தொடங்கியவர்கள் பல்லைக் கவனிக்காமல் விடுவதும் உண்டாம். "ரெண்டையும் காட்டுங்கோ அம்மா. அவரைத் தனிய விடாதேங்கோ" என்றார்.

வியாழக்கிழமை வருகிறேன். ஒன்றும் வாங்கி வைக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்தால் போதும்.

இராசேஸ்வரி


அக்கராயன்
18.08.2024

அன்புள்ள ஈசு,

தேனுகாவின் பிறந்தநாளுக்கென்று நீர் போய் ஆறு நாள். நீர் சொல்லிவிட்டபடி கிருபன் காலையும் மாலையும் வந்து பார்க்கிறான். நேற்று அவன் வீட்டில் கோழிக் கறி. நீர் கட்டுவித்த கட்டுப்பல்லோடு ஒரு கோழிக்காலை முழுதாக மென்று சாப்பிட்டேன். அவனுடைய மனைவி பார்த்துக்கொண்டே இருந்தா. நீர்தான் பார்க்கச் சொன்னீரோ?

மறதி முற்றாகப் போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நீர் என்னைக் கொண்டுபோய்க் காட்டிய கிளிநொச்சி டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீர் புறப்படும்போது, மகளோடு போய் இருப்போம் என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. வயலை விட்டு வரமாட்டேன் என்று சத்தம் போட்டேன். இந்த ஆறு நாளில் கிருபன் வந்து போன நேரம் தவிர என் குரலை நானே கேட்கவில்லை. அங்கே என்றால் சாப்பிடும்போது பக்கத்தில் நாலு பேர் இருப்பீர்கள்.

இன்று காலை, இனி நீயே செய் என்று வயலைக் கிருபனிடம் ஒப்படைத்துவிட்டேன். அவன் நம்பாமல் இரண்டு தரம் கேட்டான். "கதைக்க ஆள் இருக்கிற இடத்துக்குப் போறன் தம்பி" என்றேன். அதற்குப் பிறகு வரம்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போம். தனியே பஸ் ஏற எனக்குப் பயமாக இருக்கிறது. முந்தி என்றால் இதை உமக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

உமது
தில்லைநாதன்