மாமாவுக்குச் சொல்ல வேண்டியது

1912 மார்ச் 4, திங்கள்

மழை. டிராமில் இடமில்லை. சிராங்கூன் ரோடு நெடுக நடந்தே வந்தேன். காலையெல்லாம் வார்டில் டிரஸ்ஸராகப் புண் கட்டியது போதாதென்று இனி மதியம் பாடமும் நடத்த வேண்டுமாம். வெள்ளைக்காரப் பெரிய டாக்டரின் உத்தரவு. கட்டுப் போடும் வார்டு ஆட்கள் நான்கு பேரும் அடுத்த மாதம் அவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். தேறாதவருக்கு வேலையும் இல்லை, ஆஸ்பத்திரி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அறையும் இல்லை.

நான்கு பேரில் ஒருவர் என் மாமனார். இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவருக்கு என்ன புரியும்?

மார்ச் 7

ஆளுக்கு ஒரு விதம். பெண்கள் வார்டு அன்னம்மா காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிறாள். காதர் மைதீனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை, கையைப் பிடித்துச் செய்துகாட்ட வேண்டும். ஒலி முகம்மது கேலி பேசிக்கொண்டே கற்கிறவன். "இதெல்லாம் தெரியும்லா டிரஸ்ஸர், அடுத்ததுக்கு வாங்க" என்கிறான். உண்மையிலேயே தெரிகிறது. நால்வரில் அவன் கைதான் சுத்தம்.

மாமா? நான் உள்ளே வந்ததும் எழுந்து நிற்கிறார். உட்காரச் சொன்னாலும் உட்காருவதில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க மாப்பிள்ளை." புரிந்ததா என்றால் அதற்கும் "சரிங்க மாப்பிள்ளை." கொதித்த தண்ணீரிலிருந்து இடுக்கியை எடுக்கிறார், எடுத்த கையோடு தோளில் கிடக்கும் துண்டால் பளபளவென்று துடைத்து என்னிடம் நீட்டுகிறார். மாப்பிள்ளை கையில் ஈரத்தோடு ஒன்றைக் கொடுப்பதா என்று அவருக்கு. அழுக்குத் துண்டு. கொதிக்க வைத்ததெல்லாம் வீண்.

மாமனாரை எப்படித் திருத்துவது? வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 8

களைப்பு. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 12

மனைவி கண்மணியிடம் சொன்னேன். ஏழாம் மாதம், காலெல்லாம் வீங்கியிருக்கிறது. தாய் இல்லாதவள். பிரசவத்துக்கு அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒரு தைரியம்தான் அவளுக்கு.

"வேலை போச்சுன்னா நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிடுவார்ங்க. நம்ம வீட்ல ஒரு வாய் காப்பி குடிக்கவே யோசிக்கிறவர், மருமகன் சோத்துல உக்காருவாரா?"

எனக்கும் தெரியும். மகள் வீட்டில் கை நனைக்காதவர். இந்த ஒரு இடுக்கியில் நிற்கிறது எல்லாம்.

"நீங்க நேரா சொன்னா மனசு ஒடிஞ்சு போவார். சாடையா சொல்லிப் பாருங்களேன்."

மார்ச் 13

சொன்னேன். மாமாவுக்கு உறைக்கட்டும் என்று சாடையாக. ஒலி இடுக்கியை எடுத்து ஈரத்தோடு தட்டில் வைத்தான். மிகச் சரி. நான் அவனைப் பார்த்துக் கத்தினேன்: "சுத்தம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? இடுக்கி உன் வீட்டுச் சாமானா? உன் இஷ்டத்துக்குத் தொடுறதுக்கும் துடைக்கிறதுக்கும்?"

அவன் திகைத்துப்போய்த் தட்டைப் பார்த்தான். மாமாவும் தட்டைப் பார்த்தார். உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

உறைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க ஒலியைத் திட்டித் தீர்த்துவிட்டேன். மாமா இன்னும் துடைக்கிறார். பாடம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "ஒலி நல்ல பையன் மாப்பிள்ளை. புத்திதான் கொஞ்சம் மந்தம். நீங்க கோவிச்சுக்காதீங்க, நான் சொல்லிக் குடுத்துத் தேத்திடுறேன்."

தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா? "சரிங்க மாமா" என்றேன். நானும் அதே சொல்லைத்தான் சொல்கிறேன்.

மார்ச் 26

மாமா கேள்வியே கேட்காதது ஏன் என்று இன்று விளங்கியது. திருப்பிக் கேட்டால் மாப்பிள்ளை சரியாகச் சொல்லவில்லை என்றாகிவிடுமாம். காதர் மைதீனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். என் மரியாதையைக் காப்பாற்றுவதற்காகத் தெரியாமலே இருக்கிறார் மனிதர்.

ஒலி இப்போது கேலி பேசுவதில்லை.

ஏப்ரல் 2

பரீட்சை. இதை எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

அன்னம்மாவும் காதர் மைதீனும் தேறினார்கள். அடுத்து ஒலி. இடுக்கியை எடுத்தவன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். மாமா லேசாகத் தலையசைத்தார். ஒலி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுக்கியைத் துடைத்தான். ஐயோ, சரியாகச் செய்துகொண்டிருந்தவன்.

மாமாவும் அதையே செய்தார். இன்னும் பளபளப்பாக.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று மலாய் மொழியில் கேட்டார். நான் பேச வாயெடுப்பதற்குள் மாமா துரைக்கு முன்னால் போய் நின்றார். "நான்தான் துவான். இந்தப் பையன் மேல தப்பில்ல." டாக்டர் யோசித்தார். இருவரில் ஒருவருக்கு மட்டும் அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு. மற்றவர் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். மாமா சற்றும் தயங்காமல் ஒலியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "பிள்ளை குட்டிக்காரன் துவான், இவனுக்குக் குடுங்க."

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார். "ஒலியைத் திட்டினதெல்லாம் எனக்கா மாப்பிள்ளை?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நேராவே சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட எப்படி மாமா சொல்றது?"

தோளிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

ஏப்ரல் 3

ஒலியிடம் உண்மையைச் சொன்னேன். "நீ செஞ்சதுதான்டா சரி. நான் திட்டினது உன்னை இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "நான் ராத்திரியெல்லாம் என் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் டிரஸ்ஸர். எது தப்புன்னே தெரியாம. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வெட்கமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

ஏப்ரல் 5

ஒலிக்குப் புது முறை. நான் சொல்கிறேன், அவன் அதைத் தன் வார்த்தையில் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். புரிந்ததா என்று நான் கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தானே வரும். முதலில் திக்கினான். சாயங்காலம் ஒரு கேலி பேசினான், என் தொந்தியைப் பற்றி. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9

ஒலி தேறிவிட்டான். கண்மணி அழுதுகொண்டிருக்கிறாள். மாமா கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 11

மூட்டு வலிக்கிறது. வார்டில் படுக்கைக்கு இடமில்லாமல் தரையிலும் ஆட்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நாளை கப்பல். மாமா பெட்டியோடு விடைபெற வந்தார். வாசலிலேயே நின்றார். கண்மணி உள்ளேயிருந்து வரவில்லை. வழக்கம்போல ஊர்க் கதை பேசி, கடிதம் போடச் சொல்லி அனுப்பிவிடத்தான் நினைத்தேன். நாக்கு நுனி வரைக்கும் அதுதான் வந்தது. நான் சொன்னது வேறு.

"மாமா, போகாதீங்க. போனா உங்க மக இந்தப் பிரசவத்தைத் தாங்க மாட்டா. மருமகன் வீட்டுச் சோறுன்னு நீங்க கூசுறது எனக்குத் தெரியும். எனக்கு அது பாரமில்ல. நீங்க போறது எனக்குப் பிடிக்கல."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே கிடையாது.

மாமா தரையைப் பார்த்தபடி, "சரிங்க மாப்பிள்ளை" என்றார். பெட்டியைக் கையில் எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெட்டியைக் கீழ வைங்க. நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க."

திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"போக வேணாம்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"கண்மணி தாங்க மாட்டாள்னு."

"அப்புறம்?"

பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு சொன்னீங்க."

"அதேதான் மாமா."

பெட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மாமா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.