இஸ்தானா கட்டிய மேஸ்திரியைப் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

அங்கேயாவது உண்மையைச் சொல்கிறீர்களா? உங்கள் முதலாண்டு நினைவஞ்சலி விளம்பரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தம்பி செல்வம் என்னோடு பேசுவதில்லை. காரணம் நீங்கள்தான்.

நம் வீட்டில் யார் இறந்தாலும் தமிழ்ப் பத்திரிகையில் படத்துக்குக் கீழே ஒரு வரி வரும்: "இஸ்தானாவைக் கட்டிய மேஸ்திரியின் வழிவந்தவர்." இஸ்தானா என்ற நம் நாட்டு அதிபர் மாளிகை உங்கள் கொள்ளுத்தாத்தா மேற்பார்வையில் எழும்பியது என்று நீங்கள் சொன்னதை நானும் வகுப்பில் சொன்னேன். "டீச்சர், அப்ப கல்லெல்லாம் யாரு தூக்குனா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தைக் கவனி என்று உட்கார வைத்தேன்.

கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில், "மேஸ்திரி இல்லம்மா. கப்பல்ல கொண்டாந்த கைதி. தம்பிகிட்ட சொல்லாத" என்றீர்கள். மறுவாரம் போய்விட்டீர்கள். இது என்ன நியாயம்? அவர் என்ன குற்றம் செய்தார் என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? மரண அறிவிப்பில் அதே பொய்யை, தெரிந்தே, நான் எழுதினேன். கரும்பலகையில் ஒரு வரி தப்பானால் வகுப்பிலுள்ள எல்லா நோட்டிலும் தப்பு ஏறிவிடும், அப்பா.

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. வீட்டில் உட்கார முடியாமல், பண்டிகைக்காக மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அன்று தம்பியோடு போனேன். ஜாதிக்காய்த் தோட்டம் இருந்த மேடு, ஆளுநர் மாளிகை, பிறகு இஸ்தானா என்று வழிகாட்டி அழகாகச் சொன்னார். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள் என்றும் சொன்னார். தம்பி உடனே பக்கத்திலிருந்தவரிடம், "மேஸ்திரி எங்க ஆளு லா" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் சொன்ன உண்மையை அங்கேயே சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது ரயிலில் சீறினான். "மகளுக்கு இப்பதான் பேசி முடிச்சிருக்கேன். சம்பந்தி வீட்ல தெனமும் பேப்பர் படிக்கிறாங்க, அக்கா!"

"அந்தக் கைதிங்க கட்டுன வீட்லதான்டா வெளிநாட்டு அதிபருங்களே விருந்து சாப்பிடுறாங்க. உன் சம்பந்திக்கு என்ன?"

"அப்படின்னா விளம்பரத்துல என் பேர எடுத்துடு."

வரியை மாற்றிவிட்டேன்: "இஸ்தானாவைக் கட்ட உழைத்த கைதியின் கொள்ளுப்பேரன்." என் பெயருக்குப் பக்கத்தில் தம்பிக்கு இடம் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை தோ பாயோவில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய் அவன் கையில் பேனாவைக் கொடுப்பேன். கத்தட்டும். அவன் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த வரி மாறாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோபம் ஆறாத மூத்த மகள்,
கைதியின் எள்ளுப்பேத்தி,
வசந்தா