அளக்காமல் சொன்ன அளவு

10.2.1981, செவ்வாய்

இரண்டு வருடமாகப் பேசாத அண்ணன் காலையில் வந்து என் டிரெய்லரைக் கேட்டார். "வெட்டின கரும்பு வெயில்ல காயுதுடா."

பாகம் பிரித்தபோது டிராக்டர் அவருக்கு, டிரெய்லர் எனக்கு. பிறகு நான் வாங்கிய டிராக்டரில், டிரெய்லரைக் கோக்கும் 'பின்', அந்த இரும்பு ஆணி, தடிமனானது. அதற்காக டிரெய்லர் வளையத்தின் ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தேன். அவருடைய மெல்லிய பின் அதில் கடகடவென்று ஆடும். நடுவில் ஒரு புஷ், சின்ன இரும்புக் குழாய்த் துண்டு, போட்டால்தான் நிற்கும்.

புஷ் கடைந்து வாங்கப் போனேன். வில்லியனூர் லேத்துக்காரர், "அளவு பாக்க அந்தப் பின்ன எடுத்தாரலியா?" என்றார். அளக்காமலே அளவைச் சொன்னேன். அண்ணனுடையது ஒன்பது வருடம் நான் ஓட்டிய வண்டி.

புஷ்ஷை வளையத்தில் அடித்து இறக்கினோம். அண்ணனின் பின் அதில் நுழையவில்லை.

"அந்தப் பின்ன மாத்தி ஒரு வருசம் ஆவுதுடா," என்றார் அண்ணன். "உனக்கு எப்படித் தெரியும்?"

புஷ்ஷைக் கழற்றிக்கொண்டு மறுபடி லேத்துக்குப் போய், துளையைப் பெரிதாக்கி வந்தேன். முதுகு விட்டுப்போகிறது. பாரம் ஏற்றியதும் அண்ணன் சீட்டிலிருந்து இறங்கினார். "மில்லு வரைக்கும் நீ ஓட்டுடா."

"வேலை கீதுண்ணா," என்றேன்.

என்ன வேலை? இருட்டும்வரை, டிரெய்லர் நின்ற காலிக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன்.